வேலிக்கொடி தீவை மூடியபோது: குவாம், சைப்பான், ஹவாயில் கோவைக்கொடி – ஒரு நிகழ்வு ஆய்வு

இருபதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் ஹவாயிலும், பிறகு மேற்குப் பசிபிக்கின் மரியானா தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த குவாம், சைப்பான் தீவுகளிலும் காட்டோரங்கள், கைவிட்ட வீடுகள், மின்கம்பங்கள், வேலிகள் எதையும் விடாமல் ஒரு கொடி மூடிப் படர்ந்தது. நாம் சந்தையில் அரைக் கிலோ, கால் கிலோ என்று வாங்கி, நீளவாக்கில் அரிந்து, எண்ணெயில் சுருள வதக்கிச் சாப்பிடும் கோவைக்காயின் கொடிதான் அது. தமிழ்நாட்டில் அதற்குக் களை என்ற பெயர் இல்லை. வேலியோரத்தில் தானாக முளைத்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பழுத்தால் கிளி கொத்தும். சிலேட்டு இருந்த காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் அதன் இலையைக் கசக்கித் துடைத்தார்கள். இங்கே இவ்வளவு அடக்கமாக இருக்கும் செடி அங்கே ஏன் அடங்கவில்லை, அடக்க எடுத்த முயற்சிகளில் எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதே இந்த ஆய்வு.

செடியின் இயல்பு

காக்சீனியா கிராண்டிஸ் என்பது கோவையின் தாவரவியல் பெயர். பூசணி, சுரை, பாகல், பீர்க்கு, புடல் ஆகியவற்றின் குடும்பமே இதற்கும் குடும்பம். ஆனால் அந்த உறவினர்களில் பெரும்பாலானவை ஒரே பருவத்தில் காய்த்து மடிபவை. கோவை பல ஆண்டு வாழும். மண்ணுக்கடியில் அதன் வேர் கிழங்காகப் பருத்திருப்பதால், மேலே இருக்கும் கொடி முழுவதையும் வெட்டி எறிந்தாலும், வறட்சியில் அது காய்ந்து போனாலும், ஒரு நல்ல மழைக்குப் பின் அடியிலிருந்து புதிய தளிர் வந்துவிடும். கொடி தரையைத் தொடும் இடத்தில் கணுவைப் புரட்டிப் பார்த்தால் வெள்ளை வேர்கள் கீழ்நோக்கி இறங்கியிருப்பது தெரியும். வேர்விட்ட அந்தக் கணு தாய்க்கொடியிலிருந்து அறுந்து போனாலும் தனிச் செடியாகப் பிழைத்துக்கொள்ளும். நம் விவசாயிகள் விதையை நம்பாமல் தண்டுத்துண்டுகளை நட்டே கோவைப் பந்தல் போடுவது இந்த இயல்பைப் பயன்படுத்தித்தான். களையாக மாறிய இடத்தில் ஒழிப்பவரின் கையைக் கட்டிப் போட்டதும் இதே இயல்புதான்.

கோவையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும் தாவரங்களில் பெரும்பான்மை ஒரே செடியில் இரு பாலையும் வைத்திருக்க, பாலை நிர்ணயிக்கும் தனிக் குரோமோசோம் தெளிவாகத் தெரியும் சில செடிகளில் கோவையும் ஒன்று. அதன் 24 குரோமோசோம்களில் ஆண் செடியில் மட்டும் காணப்படும் ஒய் குரோமோசோம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது என்பதால், இந்தியத் தாவரவியலாளர்கள் 1940-களிலேயே அதை நுண்ணோக்கியில் கண்டு எழுதிவிட்டார்கள். இந்தச் செய்தி நம் பேச்சுக்கும் தேவைப்படுகிறது. இரு பாலும் தனித்தனியாக இருக்கும் செடி ஒரு புதிய இடத்துக்கு ஒற்றையாகப் போய்ச் சேர்ந்தால் மகரந்தம் கிடைக்காமல் விதை கட்டாது. அந்த வகையில் பரவலுக்கு இயற்கையே ஒரு தடை வைத்திருக்கிறது என்று முதலில் தோன்றும். தீவுகளில் அந்தத் தடை நிற்கவில்லை. ஆணும் பெண்ணும் வந்து சேர்ந்துவிட்ட பிறகு, ஒரு சிவந்த பழத்துக்குள் இருக்கும் ஏராளமான விதைகளைப் பறவைகள் தின்று வேறு மரத்தடியில் எச்சமிட்டன. பன்றிகளும் தம் பங்குக்குப் பரப்பின. அப்படி முளைப்பவற்றில் ஏறக்குறைய பாதி பெண் செடியாக இருக்கும்.

வளர்ச்சி வேகத்தைப் பற்றி ஹவாயின் களைக் கையேடுகள் ஒரு நாளைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வரை என்று சொல்கின்றன. மிகச் சாதகமான சூழலுக்கான உச்ச அளவு அது என்று வைத்துக்கொண்டாலும், குளிர்காலம் இல்லாத தீவுக்கு அது பெரிய வேகம். பற்றுச்சுருளால் மரத்தைப் பிடித்து உச்சிக்கு ஏறியதும் இலைகளை விரித்து மேற்பரப்பை மூடிவிடுகிறது. கீழே இருக்கும் மரத்துக்கு வெயில் கிடைப்பதில்லை.

எப்படி வந்தது, எங்கே படர்ந்தது

கோவை கப்பலில் ஒளிந்து வந்த விதையல்ல. ஆசையோடு கொண்டுபோய் நட்ட காய்கறிச் செடி அது. தாய்லாந்திலும் தென்கிழக்கு ஆசியாவின் மற்ற பகுதிகளிலும் கோவைக்காயைவிட அதன் இளந்தளிருக்கே மதிப்பு அதிகம். தளிரைக் கிள்ளிச் சூப்பில் போடுவது அங்கே அன்றாடச் சமையல். அந்தப் பகுதிகளிலிருந்து குடியேறியவர்களின் வீட்டுத் தோட்டங்கள் வழியாகத்தான் ஹவாயில் அது நுழைந்தது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம். ஹவாயில் அது தோட்டத்தைத் தாண்டிக் காட்டுச் செடியாகிவிட்டது என்ற தாவரவியல் அறிவிப்பு 1986-இல் அச்சில் வந்தது. அங்குள்ள ஓவாஹு தீவிலும், ‘பெரிய தீவு’ என்று அழைக்கப்படும் ஹவாய்த் தீவின் கோனா பகுதியிலும் பரவல் மிகுந்ததும் மாநில அரசு அதைத் தீங்கான களைகளின் பட்டியலில் சேர்த்தது. தொலைவான இடங்களுக்கு அதைக் கொண்டு சேர்ப்பது பறவையைவிட மனிதர்தான் என்று அங்குள்ள களை ஒழிப்பாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். சாப்பிடப் பிடித்த ஒருவர் உறவினருக்கு ஒரு தண்டைக் கொடுத்தனுப்பினால் போதும். வேறு தீவில் புதிய மையம் தொடங்கிவிடும்.

குவாமிலும் சைப்பானிலும் நிலைமை ஹவாயைவிட மோசமானதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது காட்டின் தன்மை. இரண்டாம் உலகப் போரில் இந்தத் தீவுகளின் காடு பெரும்பகுதி அழிந்தது. மண்ணரிப்பைத் தடுக்கப் போருக்குப் பின் பெருமளவில் விதைக்கப்பட்டது நாம் சூபாபுல் என்றும் சவுண்டல் என்றும் சொல்லும் மரம். உயரம் குறைந்து, நெருக்கமாக வளர்ந்த அந்தச் சூபாபுல் காடு, கோவைக்குத் தானாக அமைந்த பந்தல். இரண்டாவது காரணம் புயல். மரியானா தீவுகள் பசிபிக்கின் சூறாவளிப் பாதையில் கிடக்கின்றன. 2002 டிசம்பரில் குவாமைத் தாக்கிய பொங்சோனாவும், 2015-இல் சைப்பானைத் தாக்கிய சௌடலோரும், 2018 அக்டோபரில் அதே தீவை மறுபடியும் தாக்கிய யூட்டுவும் அந்தப் பாதையில் வந்தவைதான். ஒரு புயல் மரங்களை முறித்துக் காட்டின் கூரையைத் திறந்துவிட்டால், அந்த இடைவெளியை முதலில் நிரப்புவது மெதுவாக வளரும் மரக்கன்றல்ல, அடியில் கிழங்கை வைத்துக்கொண்டு காத்திருக்கும் கொடி.

பாதிப்பு காட்டோடு நின்றிருந்தால் விவசாயத் துறைகள் இந்த அளவு அக்கறை காட்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பூசணிக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் பழ ஈக்குக் கோவைப்பழம் விருப்பமான இருப்பிடம். பெண் ஈ பிஞ்சுக்குள் முட்டையிட, புழு உள்ளே சதையைத் தின்று அழுகவைக்கும். பாகலும் புடலும் போடுகிறவர்களுக்கு இந்த ஈயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மரியானா தீவுக்கூட்டத்தில் உள்ள ரோட்டா என்ற சிறிய தீவில், மலடாக்கப்பட்ட ஈக்களைக் கோடிக்கணக்கில் வெளியே விட்டு இந்தப் பழ ஈயை 1963-இல் முற்றாக ஒழித்துக் காட்டினார்கள். உலகப் பூச்சியியலில் அது பெயர்பெற்ற சோதனை. ஆனால் அந்த ஈ பிறகு மறுபடியும் தீவுகளுக்குள் வந்துவிட்டது. வயலில் வெள்ளரியும் தர்பூசணியும் இல்லாத மாதங்களில்கூட வயலைச் சுற்றியுள்ள காட்டில் ஆண்டு முழுவதும் கோவை காய்த்துக்கொண்டிருந்தால், ஈயின் அடுத்த தலைமுறைக்குக் குறைவே இல்லை. பயிரில் மருந்தடித்து ஈயைக் குறைத்தாலும் வேலிக்கு அப்பாலிருந்து அது திரும்பி வரும். இலை தின்னும் புழுக்களுக்கும் அசுவினிக்கும் இதே கதைதான்.

வெட்டியதும் மருந்தடித்ததும்

முதலில் எல்லாரும் செய்வதையே அங்கேயும் செய்தார்கள்: வெட்டினார்கள், பிடுங்கினார்கள். வெட்டிக் குவித்த கொடியில் ஈரம் இருக்கும்வரை ஒவ்வொரு கணுவும் பிழைக்கக் கூடியது என்பதால், குவியலைக் கவனமாக அப்புறப்படுத்தாத இடங்களில் வெட்டியதே நடவாக முடிந்தது. கிழங்கைத் தோண்டி எடுத்தால் அந்த ஒரு செடி சாகும். சுண்ணாம்புப் பாறை இடுக்கில் வேர் இறங்கியிருக்கும் மரியானா தீவுகளில் ஒவ்வொரு கிழங்கையும் தோண்டுவது நடக்கிற காரியமல்ல.

களைக்கொல்லியில் ஹவாயில் பலன் தந்தது டிரைகுளோபைர் என்ற மருந்து. அதைப் பயன்படுத்தும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. கொடியை மரத்திலிருந்து இழுத்துக் கீழே தள்ளக் கூடாது; நறுக்கவும் கூடாது. கொடி மரத்தில் தொங்கும்போதே, தரையை ஒட்டிய தடித்த அடித்தண்டில் மருந்தைத் தடவி, அது கிழங்குவரை இறங்கி முழுக்கொடியும் தொங்கிய நிலையிலேயே காயும்வரை காத்திருக்க வேண்டும். துண்டுகள் தரையில் விழுந்து வேர்விடாமல் இருக்க இதுவே வழி. ஒரு பூங்காவுக்கோ ஒரு பள்ளத்தாக்குக்கோ இந்த முறை போதும். தீவின் கணிசமான பகுதியில் ஒவ்வொரு அடித்தண்டாகத் தேடிப் போவதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. சைப்பானின் பரப்பே 120 சதுர கிலோமீட்டருக்குள்தான். அதற்கே முடியவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் கேள்வி மாறியது. கோவையை எப்படி அகற்றுவது என்பதை விட்டுவிட்டு, அது பிறந்த ஊர்களில் யார் அதைத் தின்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். என் கணிப்பில் இந்த நிகழ்வின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. நம் ஊர் வேலியில் கோவை அடங்கிக் கிடப்பதற்கு நாம் அதைப் பறித்துச் சாப்பிடுவது மட்டும் காரணமல்ல. சிவப்பு பூசணி வண்டு அதன் இலையை ஓட்டை போடுகிறது. தண்டில் ஈயினப் பூச்சி முட்டையிட்டு வீங்கவைக்கிறது. பழ ஈ காயைக் கெடுக்கிறது. அசுவினி தளிரைச் சுருட்டுகிறது. ஆடு எட்டிய மட்டும் மேய்கிறது. இவற்றில் எதுவும் கோவையைக் கொல்வதில்லை, ஆனால் எல்லாம் சேர்ந்து அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கின்றன. தண்டுத்துண்டாகவோ விதையாகவோ கடல் தாண்டிய கோவை, அதையே நம்பி வாழும் பூச்சிகளை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனது.

கென்யாவில் தேடியது

ஒரு களையை, அதைத் தின்னும் பூச்சியைக் கொண்டே அடக்கும் உயிரியல் கட்டுப்பாடு என்ற இந்த வழி தென்னிந்தியாவுக்குப் புதியதல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து தரிசுகளை நிரப்பிய சப்பாத்திக்கள்ளியைக் கொச்சினீல் பூச்சியை விட்டு அடக்கிய கதை இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கி, 1926-இல் இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட இன்னொரு கொச்சினீல் இனத்தால் பெருவெற்றி கண்டது. உலகிலேயே களைக்கு எதிராகப் பூச்சியை வேண்டுமென்றே பயன்படுத்திய முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று. ஆனால் சப்பாத்திக்கள்ளிக்கு இங்கே உறவுப் பயிர் எதுவும் இல்லை. கோவைக்கோ வெள்ளரி, பூசணி, தர்பூசணி, பாகல், சுரை, பீர்க்கு என்று ஒரு முழுக் காய்கறிக் கடையே உறவு. கோவையைத் தின்னும் பூச்சி ஒன்று அதன் உறவினரையும் ருசி பார்த்துவிட்டால், மருந்து நோயைவிடக் கொடியதாகிவிடும்.

தேடல் இந்தியாவுக்கு வராமல் ஆப்பிரிக்காவுக்குப் போனதற்குக் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன். காக்சீனியா பேரினத்தில் ஏறத்தாழ 25 இனங்கள் உண்டு. கோவையைத் தவிர மற்ற எல்லாம் சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன. ஒரு பேரினம் நெடுங்காலம் பல கிளைகளாகப் பிரிந்து வாழ்ந்த நிலத்தில்தான், அதை மட்டும் தின்னப் பழகிய பூச்சிகளும் இருக்கும். நம் ஊரில் கோவையைத் தின்பவற்றில் நன்கு அறியப்பட்டவை பெரும்பாலும் பூசணிக் குடும்பம் முழுவதையும் தின்னும் பொதுப் பூச்சிகள். அவற்றை ஒரு தீவுக்கு ஏற்றுமதி செய்தால் அங்குள்ள வெள்ளரி விவசாயி சும்மா இருக்க மாட்டார்.

ஹவாய் வேளாண்துறையின் பூச்சித் தேடுநர் ராபர்ட் புர்க்கார்ட் 1990-களின் தொடக்கத்தில் கென்யாவில் கோவைக்கொடிகளைத் தேடிப் போய், அவற்றில் வாழ்ந்த மூன்று பூச்சிகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றில் இரண்டு, அதுவரை அறிவியலில் பெயரே இல்லாத கூன்வண்டுகள்; 1998-இல் அவற்றுக்கு முறையாகப் பெயரிட்டபோது ஒன்றுக்கு அவருடைய குடும்பப் பெயரையே சூட்டி அசைத்தோபியஸ் புர்க்கார்ட்டோரம் என்றார்கள். மற்றதன் பெயர் அசைத்தோபியஸ் காக்சீனியே. மூன்றாவது, மெலிட்டியா ஈடிபஸ் என்ற அந்துப்பூச்சி.

மூன்றும் செடியை மூன்று இடத்தில் தாக்குகின்றன. அசைத்தோபியஸ் காக்சீனியே சில மில்லிமீட்டரே உள்ள கருநிறக் கூன்வண்டு. வளர்ந்த வண்டு இலையில் சிறு சிறு துளைகளாகக் கடித்துத் தின்னும். அதன் புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவே புகுந்து பச்சையத்தை மட்டும் சுரண்டி எடுப்பதால், இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே புழு தின்று போன பாதையும் அதில் கிடக்கும் கழிவும் தெரியும். புர்க்கார்ட்டோரம் இளந்தண்டில் முட்டையிட்டு அந்த இடத்தை முடிச்சாக வீங்கவைக்கிறது. மெலிட்டியா ஈடிபஸ் வகை அந்துகளின் சிறகில் செதில்கள் குறைந்து கண்ணாடியாகத் தெரியும், பகலில் பறக்கும், பார்க்கக் குளவி என்றே தோன்றும். அதன் புழு தண்டைத் துளைத்து உள்ளே இறங்கி, தடித்த அடித்தண்டையும் கிழங்கையும் குடைகிறது. கத்தியாலும் மருந்தாலும் தீவு முழுவதும் எட்ட முடியாமல் போன கிழங்கை, மூன்று பூச்சிகளில் தொட்டது இந்தப் புழு ஒன்றுதான்.

இதே அந்து விஷயத்தில்தான் அச்சமும் அதிகம் இருந்திருக்க வேண்டும். மெலிட்டியா பேரினத்தின் இன்னொரு இனம் வட அமெரிக்காவில் பூசணித் தண்டைக் குடைந்து சாகடிக்கும் பெயர்பெற்ற பூச்சி. பூசணி போடுகிற அமெரிக்கத் தோட்டக்காரர் எவரும் அதை வெறுப்பார். அதன் நெருங்கிய உறவுக்காரப் பூச்சியைத் தெரிந்தே ஒரு தீவுக்குக் கொண்டுவருவதற்குத் துணிச்சல் மட்டும் போதாது, சோதனை வேண்டும். வெளியே எதுவும் தப்பாத தடைகாப்பு ஆய்வகத்தில், வெள்ளரி முதல் பாகல் வரை பயிராகும் பூசணிக் குடும்பச் செடிகளைத் தனித்தனியாகவும் கோவையோடு சேர்த்தும் வைத்துப் பார்த்தார்கள். தேர்வுக்கு வேறு வழியே இல்லாமல் அடைத்துவைத்தபோதும், பூச்சி தன் வாழ்க்கைச் சுழற்சியை முடித்துத் தலைமுறையைத் தொடர்ந்தது கோவையில் மட்டுமே என்ற முடிவு வந்த பிறகுதான் வெளியே விட அனுமதி கிடைத்தது. ஹவாயில் அந்துப்பூச்சி 1996-இலும் கூன்வண்டுகள் 1999-இலும் விடப்பட்டன.

மரியானா தீவுகளில் இந்த வேலையை எடுத்துச் சென்றவர்கள் குவாம் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர்கள். ரங்கசாமி முனியப்பன் அங்கே 1985-இலேயே குரோமோலேனா என்ற அமெரிக்கக் களையை ஒரு கம்பளிப்புழுவைக் கொண்டு அடக்கிய அனுபவமுள்ளவர். காடி ரெட்டி பின்னர் சேர்ந்தவர். ஹவாயில் சோதித்ததே போதும் என்று அவர்கள் விடவில்லை என்பதைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். செனேரியா குவாமென்சிஸ் என்ற பெயருடைய ஒரு சிறு கொடி பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மரியானா தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. வெள்ளரிக்கு ஒரு இழப்பு என்றால் அடுத்த பருவம் உண்டு; அந்தக் கொடிக்கு ஒரு இழப்பு என்றால் ஈடு இல்லை. ஆகவே அந்தச் செடியையும் ஆய்வகத்தில் கோவையோடு வைத்துக் கூன்வண்டின் நடத்தையைத் தனியாக ஆராய்ந்தார்கள்.

பலித்ததும் பலிக்காததும்

குவாமிலும் சைப்பானிலும் இலையைக் குடையும் கூன்வண்டு 2003-இல் வெளியே விடப்பட்டது; அது இரு தீவுகளிலும் நிலைபெற்றது. தண்டில் முடிச்சு உண்டாக்கும் புர்க்கார்ட்டோரத்தை அதன்பின் குவாமில் விட்டும் அது நிலைபெறவில்லை. உயிரியல் கட்டுப்பாட்டில் இது சகஜம். ஆய்வகத்தில் கொழுத்து வளர்ந்த பூச்சி வெளியில் எறும்புக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்காமல் போவதுண்டு. கிழங்கைக் குடையும் அந்துப்பூச்சி சில ஆண்டுகள் கழித்துக் குவாமில் விடப்பட்டு, அங்கே காலூன்றிக்கொண்டது.

விளைவைக் குவாமின் அறிக்கைகள் வெற்றி என்றே பதிவுசெய்கின்றன. ஒரு காலத்தில் சாலையோரத்தை மூடிக் கிடந்த கொடிப்போர்வை பல இடங்களில் மெலிந்தது. அடித்தண்டு வீங்கி, வெடித்து, உள்ளே குடைந்த புழுவின் கழிவு வெளியே தள்ளப்பட்ட கொடிகள் மேலே காய்ந்து தொங்கின. ஆனால் இந்த வெற்றியின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கோவை குவாமிலிருந்து போய்விடவில்லை, போகவும் போகாது. கோவையை மட்டுமே தின்று வாழும் பூச்சிக்குக் கோவை முற்றாக அழிந்தால் தானும் அழிய வேண்டும். செடி குறையும்போது பூச்சியும் குறையும், செடி பெருகும்போது பூச்சியும் பெருகும். இரண்டும் தாழ்ந்த ஒரு மட்டத்தில் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திக்கொள்வதுதான் இந்த முறை தரக்கூடிய அதிகபட்சம்.

இலைக் கூன்வண்டு தனியாக இருக்கும் இடங்களில் அந்த மட்டம் உயரமாகவே இருக்கிறது என்பது என் வாசிப்பு. இலையை இழந்தால் கொடி சோர்ந்து போகும். ஆனால் கிழங்கில் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும்வரை அடுத்த மழைக்குப் புதிய இலை வரும். கிழங்குக்கே ஆபத்து வரும்போதுதான் சேமிப்பு கரைகிறது, இலை இழப்பை ஈடுகட்டும் வலிமையும் குறைகிறது. இரண்டு பூச்சிகளும் சேர்ந்து தாக்கும்போது கிடைக்கும் பலன் ஒன்றின் பலனை இரண்டால் பெருக்கியதைவிட அதிகம் என்று இதைக் கொண்டு சொல்லலாம். புயலுக்குப் பின் நிலைமை வேறு. காடு திறந்து, கொடி ஒரே மாதத்தில் பாயும்போது, பூச்சியின் எண்ணிக்கை அதை எட்டிப் பிடிக்கச் சில தலைமுறைகள் ஆகும். அந்த இடைவெளியில் முறிந்த மரங்களின்மேல் கோவை மறுபடியும் ஏறிவிடும். சைப்பான் இதை ஒரு தடவைக்கு மேல் கண்டது.

ஹவாயின் மௌயி தீவில் எடுத்த முடிவு இதற்கு நேர்மாறானது, அதுவும் சரியான முடிவுதான். அங்கே கோவை சில இடங்களில் மட்டும் தலைகாட்டிய நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டதால், அயற்செடிகளை ஒழிக்க அமைந்த குழு அதை முழுவதும் ஒழிக்க வேண்டிய செடிகளில் ஒன்றாக வைத்து, வீடு வீடாகப் போய்க் கேட்டு, கண்ட இடத்தில் அடித்தண்டில் மருந்து தடவி, ஆண்டுக்கணக்கில் திரும்பிப் போய்ப் பார்த்தது. கைவிரல்விட்டு எண்ணக்கூடிய கொடிகள் இருக்கும்போது பூச்சியை விட்டுவிட்டு ஒதுங்கினால், ஒழிக்க முடிந்ததைக் காலமெல்லாம் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டதாகிவிடும். ஓவாஹுவில் அந்தக் கட்டம் தாண்டிப் போய்விட்டது. அங்கே பூச்சிதான் வழி. இரண்டு தீவுகளுக்கும் ஒரே செடி என்றாலும் ஒரே மருந்து எழுதித் தர முடியாது.

தின்பவர்களின் பக்கமும் ஒன்று உண்டு, அறிக்கைகளில் அது அதிகம் பேசப்படவில்லை. கூன்வண்டுக்கும் அந்துக்கும் காட்டுக் கோவை எது, வீட்டுப் பந்தல் கோவை எது என்று தெரியாது. தளிருக்காக வீட்டில் கொடி வளர்த்த தென்கிழக்கு ஆசியக் குடும்பங்களின் கொடியும் அதனோடு சேர்ந்தே குடையப்பட்டிருக்கும். தீவுகளில் கோவை பெரிய வணிகப் பயிர் அல்ல என்பதால் அந்த இழப்பு எடைபோடும்போது கனமாகத் தெரியவில்லை. வெள்ளரியும் தர்பூசணியும் போடும் விவசாயியின் குரல் கேட்ட அளவுக்கு, கொல்லையில் தளிர் கிள்ளும் பாட்டியின் குரல் கேட்டிருக்க வாய்ப்பில்லை. முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. யார் கொடுத்த விலை அது என்பதையும் கணக்கில் எழுதியிருக்க வேண்டும்.

இந்தியாவில் அந்தக் கணக்கு தலைகீழ். கோவை இங்கே காசு தரும் பயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கேரள வேளாண் பல்கலைக்கழகமும் ரகம் வெளியிட்டிருக்கின்றன. ஒருமுறை பந்தல் போட்டால் சில ஆண்டுகளுக்கு வாரந்தோறும் பறிக்கலாம் என்பதற்காகவே சிறு விவசாயிகள் அதை விரும்புகிறார்கள். குவாமில் காப்பாற்ற வந்த அதே மெலிட்டியா ஈடிபஸ் இங்கே வந்தால், கோவைப் பந்தலுக்கென்றே வந்த பூச்சியாகிவிடும். கோவை தண்டுத்துண்டால் பெருக்கப்படுவதையும் அந்தப் புழு தண்டுக்குள்ளேயே வாழ்வதையும் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து எந்த வழியாக வரும் என்பது தெரியும். தோலில் ஒரு சிறு துளை மட்டும் தெரியும் நடவுத் துண்டு ஒன்றைக் கென்யாவிலிருந்தோ ஹவாயிலிருந்தோ யாராவது நல்ல ரகம் என்று பையில் வைத்துக்கொண்டு வந்தால் போதும். இறக்குமதியாகும் நடவுப்பொருளுக்கு அனுமதியும் பரிசோதனையும் கட்டாயம் என்று இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடை ஆணை சொல்கிறது; வெளிநாட்டிலிருந்து கோவைத் தண்டு கேட்டு எழுதும் தோட்ட ஆர்வலர்களுக்கும் அது பொருந்தும்.